மக்கள் எதிர்வினைப் பிரிவு

ரெட்னோல் மாவட்ட அலுவலகத்தில் நாய் உரிமம் வழங்கும் ஜன்னலுக்குப் பின்னால் முப்பத்தொரு வருஷமாக உட்கார்ந்திருக்கிறேன். என் பெயர் வெல்டா. இங்கே வருகிறவர்கள் நாயைப் பற்றி மட்டுமே பேசுவார்கள் என்பதால், அரசாங்கத்தைப் பற்றி எனக்கென்று தனியாக ஓர் அபிப்பிராயம் இருந்ததில்லை. போன வருஷம் ஆகஸ்டில் டோபின் இடுக்கில் நாலு பேர் செத்துப்போன பிறகுதான் அது உண்டாயிற்று.

டோபின் இடுக்கு எங்கள் ஊரிலிருந்து ஒன்பது மைல். இரண்டு செம்பாறைச் சுவர்களுக்கு நடுவே, கைகளை விரித்தால் இரண்டு பக்கமும் தொடுகிற அளவுக்கு ஒரு சந்து. முக்கால் மைல் நீளம். அண்ணாந்து பார்த்தால் வானம் ஒரு நாடா அகலத்துக்குத் தெரியும். அதைப் படம் எடுக்கத்தான் நாடெங்கிலுமிருந்து வருகிறார்கள். அங்கே வெள்ளம் வருவதற்கு அங்கே மழை பெய்ய வேண்டியதில்லை. இருபது மைல் தள்ளி மேட்டுநிலத்தில் கால் மணி நேரம் கொட்டினால் போதும், பாறை ஒரு சொட்டுக்கூடக் குடிக்காமல் எல்லாவற்றையும் இடுக்குக்கு அனுப்பிவிடும். அந்தச் செவ்வாய்க்கிழமை மதியம் ஒன்று ஐம்பத்தைந்துக்குத் தண்ணீர் வந்தது. எங்கள் தலைக்கு மேல் ஒரு மேகம்கூட இல்லை. நான் அன்று துணி காயப் போட்டிருந்தேன்.

செத்தவர்களில் உள்ளூர்க்காரர் யாருமில்லை. ஒஹாயோவிலிருந்து வந்த கணவன் மனைவி, நெவாடாவிலிருந்து ஒரு மருந்துக்கடைக்காரர், மினசோட்டாவிலிருந்து ஆர்னி லுண்ட்கிரென் என்ற ஓய்வுபெற்ற தபால்காரர்.

எங்கள் பக்கத்தில் ஒரு வீட்டில் சாவு என்றால் அக்கம்பக்கத்தார் உருளைக்கிழங்கைத் துருவி, பாலாடைக்கட்டி கலந்து, மேலே சோள அவல் தூவிச் சுட்டு எடுத்துக்கொண்டு போவார்கள். அதற்கு சாவு உருளைக்கிழங்கு என்றே பெயர். இந்த நாலு பேருக்கும் இங்கே வீடில்லை. அதனால் ஜனங்கள் மாவட்ட அலுவலகத்துக்குக் கொண்டு வந்துவிட்டார்கள். நாற்பத்தாறு தட்டுகள். மாவட்டத்தை நடத்துகிற கமிஷனர்கள் மூன்று பேரும் அந்த வாரம் முழுக்க மாடியில் கதவைச் சாத்திக்கொண்டு துக்கம் அனுஷ்டித்தார்கள். வெள்ளிக்கிழமை தட்டுகள் காலியாகக் கீழே வந்தன.

அதற்குள் தொலைக்காட்சியில் செய்தி போய்விட்டது. கடிதங்கள் சாக்கில் வர ஆரம்பித்தன. தொலைபேசியைக் கீழே வைக்க முடியவில்லை. தலைமைக் கமிஷனர் ராண்டல் க்ரோமர் தலைநகரிலிருந்து ஓர் ஆலோசகரை வரவழைத்தார். கெண்ட்ரா பெல்லமி என்று பெயர். முப்பது வயதிருக்கும். நடக்கும்போது எதிரே வருகிறவர்களைப் பார்த்து, புரிகிறது புரிகிறது என்பதுபோலத் தலையாட்டிக்கொண்டே போவாள்.

"வெள்ளம் முடிஞ்சு போச்சு. அதைப் பத்தி இனிமே நாம ஒண்ணும் பண்றதுக்கில்லை" என்றாள் முதல் கூட்டத்தில். "இப்ப வந்துட்டு இருக்கிறது எதிர்வினை. வெள்ளத்தைவிட இது ஆழம். இதுலதான் நிர்வாகம் அடிச்சுட்டுப் போகும்."

க்ரோமர் அதைக் குறித்துக்கொண்டார்.

அப்படித்தான் மக்கள் எதிர்வினைப் பிரிவு தொடங்கியது. அலுவலர் ஒருவர். அலுவலர், தேய்ன் பார்லாக்கர்.

தேய்னுக்கு ஐம்பத்திரண்டு வயது. இருபத்துநாலு வருஷமாக மாவட்டத்தின் மண் சாலைகளைச் சமப்படுத்தும் கிரேடர் வண்டியை ஓட்டுகிறவர். முழங்கால் பழுதாகிவிட்டதால் உட்கார்ந்த வேலைக்கு மாற்றியிருப்பதாக உத்தரவில் எழுதியிருந்தது. அவர் வாசல் படிகளை இரண்டிரண்டாகத் தாண்டி ஏறி வந்ததைப் பார்த்தேன். எழுதியிருந்தபடியே நானும் நம்பினேன். என் அறையில்தான் இடம் இருந்தது என்பதால் அவருடைய மேஜையை என் மேஜைக்குப் பக்கத்தில் போட்டார்கள்.

கெண்ட்ரா மேஜைமேல் ஆறு தட்டுகளை வரிசையாக வைத்தாள். துயரம், பிரார்த்தனை, கோபம், அறிவுரை, நான்-அப்பவே-சொன்னேன், மற்றவை.

"ஒவ்வொரு கடிதமும் ஏதாவது ஒரு தட்டுல விழணும் தேய்ன். ஒவ்வொரு தட்டுக்கும் பதில் கடிதம் அச்சடிச்சு வச்சிருக்கேன். நீங்க எழுத வேண்டியது எதுவுமில்லை."

"ஒரே ஆளு அழுதுட்டே திட்டியிருந்தா?"

"எதுல முடிக்கிறாங்கன்னு பாருங்க."

தேய்ன் கண்ணாடியைப் போட்டுக்கொண்டு முதல் கடிதத்தைப் பிரித்தார். ஓரிகனிலிருந்து ஒரு பொறியாளர், இடுக்குக்கு மேலே மூடி போட்டுவிடலாம் என்று வரைபடத்தோடு எழுதியிருந்தார். மூடியைத் திறக்க ஒரு கைப்பிடியும் வரைந்திருந்தார். அறிவுரை. இரண்டாவது, ஒரு பள்ளிக்கூடத்தின் மூன்றாம் வகுப்பு மொத்தமும் வண்ணப் பென்சிலால் வரைந்து அனுப்பிய இருபத்தெட்டு படகுகள். பிரார்த்தனை. மூன்றாவது, பாலைவனத்தில் போய்த் தண்ணீரில் சாகிறவனுக்கெல்லாம் எதற்கு வரிப்பணம் என்று கேட்ட ஒருவர். இது எந்தத் தட்டு என்று தேய்ன் கேட்டார்.

"தனிமனிதப் பொறுப்பை வலியுறுத்தும் எதிர்வினை" என்றாள் கெண்ட்ரா. "நான்-அப்பவே-சொன்னேன்ல போடுங்க."

"இவர் அப்ப ஒண்ணும் சொல்லலையே."

"சொல்லியிருப்பாரு."

இரண்டாவது வாரம் கரடி வந்தது. எங்கோ ஒரு வானொலிக்காரர், வெள்ளம் பாதித்த குழந்தைகளுக்குப் பொம்மை அனுப்புங்கள் என்று சொல்லிவிட்டாராம். வெள்ளம் பாதித்த குழந்தை ஒன்றுகூட இல்லை என்பதை அவரிடம் யாரும் சொல்லவில்லை. ஆயிரத்து நூறு பஞ்சுக்கரடிகள் ஒரு லாரியில் வந்து இறங்கின. வைக்க இடமில்லாமல் என் அறையில் கூரை வரைக்கும் அடுக்கினார்கள். நாய் உரிமம் ஒவ்வொன்றுக்கும் ஒரு கரடி இலவசம் என்று மாடியிலிருந்து உத்தரவு வந்தது. பூனைக்காரர்கள் வந்து எங்களுக்கு ஏன் இல்லை என்று சண்டை பிடித்தார்கள். அந்தப் புகார்களும் எதிர்வினை என்ற கணக்கில் தேய்னிடம் போயின.

அந்த வாரம்தான் மினசோட்டாவிலிருந்து முதல் கடிதம் வந்தது. சின்ன வெள்ளைத்தாள், நேரான கையெழுத்து.

'ஐயா, என் தம்பி ஆர்னி லுண்ட்கிரென் உங்கள் டோபின் இடுக்கில் இறந்தான். வெள்ள எச்சரிக்கை உங்கள் அலுவலகத்துக்கு எத்தனை மணிக்கு வந்தது? இப்படிக்கு, ஹெட்டி லுண்ட்கிரென்.'

தேய்ன் அதைக் கையில் வைத்துக்கொண்டு வெகு நேரம் உட்கார்ந்திருந்தார். பிறகு எழுந்து கெண்ட்ராவிடம் கொண்டுபோனார்.

"தம்பி செத்திருக்காரு. துயரம்" என்றாள் அவள்.

"துயரம்னு எழுதலை. மணி கேட்டிருக்காங்க."

"துயரத்துல இருக்கிறவங்க எதையாவது கேப்பாங்க தேய்ன்."

துயரத்துக்கான அட்டை போயிற்று. முன்பக்கம் டோபின் இடுக்கின் வண்ணப்படம். உள்ளே, 'உங்கள் துயரத்தில் ரெட்னோல் மாவட்டம் பங்குகொள்கிறது.' கீழே, மாவட்டத்தின் எல்லா அட்டைகளிலும் இருப்பதுபோல, 'மீண்டும் வருக.'

பத்து நாளில் அடுத்த கடிதம். 'அட்டை கிடைத்தது. எத்தனை மணிக்கு?'

கெண்ட்ரா இரண்டையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பார்த்தாள். "திரும்பத் திரும்பக் கேக்கிறாங்க. கோபம்தான். ஆனா கோபத்தட்டு இந்த மாசம் நிரம்பிடுச்சு. கோபத்தை பதினஞ்சு சதவீதம் குறைச்சுக் காட்டுறதா கமிஷனருக்கு வாக்கு குடுத்திருக்கேன். அறிவுரைல போடுங்க."

அந்த மாதம் முழுக்க அப்படித்தான் நடந்தது. ஒரு ஆச்சரியக்குறி இருந்தால் அறிவுரை, மூன்று இருந்தால்தான் கோபம் என்று ஒரு சுற்றறிக்கை. மாதக் கடைசியில் கோபம் இருபது சதவீதம் இறங்கியிருந்தது. க்ரோமர் அலுவலகம் முழுவதற்கும் ஐஸ்கிரீம் வாங்கிக் கொடுத்தார்.

ஹெட்டியின் மூன்றாவது கடிதம் கொஞ்சம் நீளம். 'உங்கள் மதிப்புமிக்க ஆலோசனைக்கு நன்றி என்று எழுதியிருக்கிறீர்கள். நான் ஆலோசனை எதுவும் சொல்லவில்லை. தொலைபேசி இணைப்பகத்தில் முப்பத்தெட்டு வருஷம் வேலை செய்தவள் நான். எந்த அழைப்பும் ஏதாவது ஒரு மணிக்குத்தான் வரும். அதை யாராவது எழுதி வைத்திருப்பார்கள். எத்தனை மணிக்கு?'

இதற்கு ஒரு கருத்துக்கணிப்புப் படிவம் அனுப்பப்பட்டது. 'எங்கள் இரங்கல் உங்களுக்கு எந்த அளவு திருப்தி அளித்தது? ஒன்று முதல் ஐந்து வரை மதிப்பெண் இடவும். எங்கள் இரங்கலை உங்கள் நண்பர்களுக்குப் பரிந்துரைப்பீர்களா?' படிவம் திரும்பி வந்தபோது மதிப்பெண் கட்டங்கள் காலியாக இருந்தன. ஓரத்தில் இரண்டே வார்த்தை. அது என்னவென்று உங்களுக்கே தெரியும்.

அக்டோபரில் நினைவஞ்சலிக் கூட்டம். ஒருவருக்கு ஒரு நிமிடம் என்று நாலு நிமிட மௌனம் என்பதுதான் முதல் திட்டம். க்ரோமர் மாடியில் நிறுத்துக்கடிகாரத்தோடு ஒத்திகை பார்த்துவிட்டு, நாலு நிமிடம் சும்மா நிற்பது மக்களுக்கு நிர்வாகம் எதுவும் செய்யவில்லை என்ற எண்ணத்தைக் கொடுக்கும் என்றார். ஆளுக்குப் பத்து நொடி என்று நாற்பது நொடியாகக் குறைத்தார்கள். கணவன் மனைவி ஒரே குடும்பம் என்பதால் முப்பது போதாதா என்று இன்னொரு கமிஷனர் கேட்டார். அது ஓட்டெடுப்பில் தோற்றது.

மௌனம் முடிந்ததும் க்ரோமர் பேசினார். நல்ல உயரமான மனிதர், நல்ல குரல்.

"அன்னைக்கு மதியம் நான் எப்படி இருந்தேன்னு எனக்கு மட்டும்தான் தெரியும்" என்றார். "வாயைத் திறந்தா வார்த்தை வரலை. முகமெல்லாம் மரத்துப் போச்சு. ஒரு சொல், ஒரே ஒரு சொல் சொல்லணும்னு முயற்சி பண்றேன், முடியலை. கண்ணுல தண்ணி வழியுது. பக்கத்துல இருந்தவங்க என் தோளைப் பிடிச்சு, அசையாதீங்க, கொஞ்ச நேரத்துல சரியாயிடும்னாங்க."

பெண்கள் மூக்கைச் சிந்தினார்கள். நானும் கைக்குட்டையைத் தேடினேன். தேய்ன் மட்டும் எழுந்து வெளியே போய்விட்டார்.

அலுவலகத்துக்குத் திரும்பி வந்தபோது அவர் கரடிகளுக்கு நடுவே தன் நாற்காலியில் உட்கார்ந்திருந்தார்.

"பாதியிலயே எழுந்து வந்துட்டீங்களே தேய்ன். நல்லாத்தானே பேசினாரு."

"பல் டாக்டர்கிட்ட இருந்தாரு வெல்டா."

"யாரு?"

"க்ரோமர். அன்னைக்கு மதியம். கடைவாய்ப்பல். மரத்துப்போக ஊசி போட்டிருந்தாங்க. அவர் சொன்னது அத்தனையும் நிஜம்தான்."

பிறகு மெதுவாக, ஒரு மேட்டைச் சீவுகிற மாதிரி அடுக்கடுக்காகச் சொன்னார். இடுக்கின் வாசலில் ஒரு இரும்புக் கதவு இருக்கிறது. அதைப் பூட்டும் சாவி கிரேடர் ஓட்டுகிறவரிடம்தான் எப்போதும் இருக்கும், ஏனென்றால் அந்தப் பக்கம் எப்போதும் இருக்கிற மனிதர் அவர்தான். அதற்கு முந்தின வருஷம் மேட்டுநிலத்தில் இருட்டியதைப் பார்த்து அவராகவே மூன்று தடவை பூட்டினார். ஒரு தடவைதான் தண்ணீர் வந்தது. மற்ற இரண்டு தடவைக்கும் விடுதிக்காரர்கள் வந்து கத்தினார்கள். உடனே ஒரு விதி வந்தது. கதவைப் பூட்ட மூன்று கமிஷனர்களின் ஒப்புதலும் வேண்டும். தொலைபேசியில் சொல்லலாம், ஆனால் தெளிவான குரலில். தேய்ன் மறுபடி தானாகப் பூட்டினால் வேலை போய்விடும்.

"வானிலைக்காரங்க அவங்க வேலையைச் சரியாத்தான் செஞ்சாங்க. பன்னெண்டு அம்பத்திரெண்டுக்கு எச்சரிக்கை மாடிக்கு வந்துடுச்சு. எனக்கு ரேடியோல காத்திருன்னாங்க. ஒண்ணு ஆறுக்கு முதல் கமிஷனர் சரின்னாரு. ஒண்ணு பதினஞ்சுக்கு ரெண்டாவது ஆளு. க்ரோமருக்குக் கூப்பிட்டா, 'ம்ம்ஃப்' அப்படின்னு சத்தம் வருது. அது சரியா, வேண்டாமான்னு செயலாளருக்குத் தெரியலை. நாலு தடவை கூப்பிட்டாங்க. நாலு தடவையும் அதே. 'ஒப்புதல் தெளிவில்லை'ன்னு எழுதி வச்சிட்டாங்க. நான் கதவுகிட்ட வண்டியை நிறுத்திட்டு, சாவியைக் கையில வச்சிட்டு உட்கார்ந்திருந்தேன்."

அவருடைய முழங்காலுக்கு ஒன்றுமில்லை என்பது எனக்கு அப்போதுதான் உறைத்தது. வெளியே சாலையில் இருந்தால் நிருபர்கள் யாராவது கேட்பார்கள். உள்ளே, என் பக்கத்தில், கரடிகளுக்குப் பின்னால் யாரும் கேட்க மாட்டார்கள்.

"அந்த மினசோட்டா அம்மாவுக்கு இதை எழுதிப் போட வேண்டியதுதானே" என்றேன்.

"எழுதினேன். மூணு தடவை. கெண்ட்ரா படிச்சுட்டு, இது எதிர்வினைக்குப் பதில் இல்லை, இது தகவல், தகவல் வேற பிரிவுன்னு சொல்லிட்டாங்க."

"அந்தப் பிரிவு எங்கே இருக்கு?"

"இன்னும் ஆரம்பிக்கலையாம்."

"வீட்டுலேர்ந்து எழுதிப் போட்டா யாரு தடுக்கப் போறா?"

அவர் தன் கைகளைப் பார்த்துக்கொண்டிருந்தார். அவருக்கு இன்னும் ஏதோ சொல்ல இருக்கிறது, அது மணியைவிடக் கஷ்டமானது என்று மட்டும் புரிந்தது. நான் மேற்கொண்டு கேட்கவில்லை.

நவம்பர் முதல் வாரம் ஒரு புதன்கிழமை காலை, என் ஜன்னலில் ஒரு சின்ன உருவம் வந்து நின்றது. எழுபது வயதுக்கு மேல். நீல மழைக்கோட்டு, கையில் சின்னப் பெட்டி.

"மனுஷங்க இருக்கிற ஜன்னல் இது ஒண்ணுதான் தெரிஞ்சுது" என்றாள். "நான் ஹெட்டி லுண்ட்கிரென். ரெண்டு நாள் பஸ்ஸுல வந்திருக்கேன்."

தேய்ன் அப்போது தபாலெடுக்கப் போயிருந்தார். எனக்கு என்ன செய்வதென்று தெரியவில்லை. கை பழக்கத்தில் ஒரு கரடியை எடுத்து நீட்டிவிட்டேன்.

அவள் அதைத் திருப்பித் திருப்பிப் பார்த்தாள். "இது எதுக்கு?"

"தெரியலைம்மா. நிறைய மிச்சம் இருக்கு."

"ஆர்னி வெள்ளத்துல போனதுக்கா?"

"ஆமாம்மா."

அவள் கரடியைப் பெட்டிமேல் உட்கார வைத்துவிட்டு, அன்று மாலை நாலு மணிக்குப் பொதுமக்கள் கருத்துக்கேட்பு இருப்பதாக வாசலில் ஒட்டியிருக்கிறதே, யார் வேண்டுமானாலும் பேசலாமா என்று கேட்டாள். மூன்று நிமிஷம் பேசலாம் என்றேன். "கேள்விக்கு மூணு நிமிஷம் தாராளம்" என்றாள்.

கருத்துக்கேட்பின் விஷயம் ஒன்றே ஒன்று. டோபின் இடுக்கின் வாசலில் போடப்போகும் நினைவு பெஞ்சுக்குக் கைப்பிடி வேண்டுமா, வேண்டாமா. மேடையில் மூன்று கமிஷனர்கள், ஓரத்தில் கெண்ட்ரா. பேசுகிறவர் முன்னால் ஒரு விளக்கு. பச்சையில் தொடங்கலாம், சிவப்பில் நிறுத்த வேண்டும். தேய்ன் முன்வரிசையில் தட்டுகளோடு உட்கார்ந்திருந்தார். நேரில் சொல்லப்படும் கருத்துகளையும் உடனுக்குடன் வகைப்படுத்தவேண்டும் என்பது புது ஏற்பாடு.

விடுதிக்காரர் ஒருவர், பெஞ்சில் செத்தவர்கள் பெயர் எழுதினால் வருகிறவர்கள் மனசு கெட்டுப்போகும், பொதுவாக 'ரசித்தவர்களின் நினைவாக' என்று போடலாம் என்றார். ஒரு பெண்மணி, கைப்பிடி இல்லாவிட்டால் ஊர்சுற்றிகள் படுத்துத் தூங்குவார்கள் என்றார். வெளியூர்க்காரர்கள் வராமல் இருந்தால் பெஞ்சே தேவையில்லை என்றார் ஒரு பண்ணைக்காரர். அவருக்குக் கைதட்டல் விழுந்தது. கைதட்டலை எந்தத் தட்டில் போடுவது என்று தேய்ன் கெண்ட்ராவைப் பார்த்தார்.

பிறகு ஹெட்டி எழுந்தாள். பச்சை எரிந்தது.

"என் தம்பி அந்த பெஞ்சுல உட்காரப் போறதில்லை. எச்சரிக்கை எத்தனை மணிக்கு வந்துச்சு?"

க்ரோமர் முன்னால் குனிந்தார். "அம்மா, உங்க இழப்பை நாங்க முழுசா உணர்றோம். கைப்பிடி பத்தி உங்க கருத்து என்ன?"

"கைப்பிடி வைங்க. வயசானவங்க எழுந்திருக்க வசதி. எத்தனை மணிக்கு?"

"அது இன்னைய விஷயத்துல இல்லைம்மா. ஆனா எந்தக் குடிமகளோட குரலையும் நாங்க வீணாக்க மாட்டோம். இதை முறைப்படி வகைப்படுத்திடுவோம். தேய்ன், இது எந்தத் தட்டு?"

தேய்ன் எழுந்தார். துயரத்தைப் பார்த்தார், கோபத்தைப் பார்த்தார், கடைசித் தட்டு வரைக்கும் ஒருமுறை பார்த்தார்.

"இது எந்தத் தட்டுலயும் சேராதுங்க" என்றார். "இது கேள்வி."

"மற்றவைல போடு."

"பன்னெண்டு அம்பத்திரெண்டும்மா" என்றார் தேய்ன், அவள் பக்கம் திரும்பி.

அவள் கோட்டுப் பையிலிருந்து ஒரு சின்ன நோட்டை எடுத்து எழுதினாள். க்ரோமர் சுத்தியலால் மேஜையைத் தட்டினார். அலுவலர்களுக்குப் பேச நேரம் ஒதுக்கப்படவில்லை என்று கெண்ட்ரா சொன்னாள்.

"என் மூணு நிமிஷத்துல பாதிக்கு மேல பாக்கி இருக்கு" என்றாள் ஹெட்டி. "அதை இவருக்குக் குடுக்கிறேன்."

செயலாளர் விதிப்புத்தகத்தைப் புரட்டினார். நேரத்தைக் கொடுக்கக் கூடாது என்று எங்கேயும் இல்லை. விளக்கு பச்சையாகவே இருந்தது.

தேய்ன் என்னிடம் சொன்ன அதே வரிசையில் சொன்னார். ஒன்று ஆறு. ஒன்று பதினைந்து. பல் மருத்துவர்.

க்ரோமருக்கு முகம் சிவந்தது. "நான் சம்மதம்னுதான் சொன்னேன்" என்றார். "நாலு தடவை சொன்னேன். என் உதடு ஒத்துழைக்கலை. ஒரு கமிஷனரோட முடிவுக்கு மாவட்டம் பொறுப்பு. உதட்டுக்குப் பொறுப்பேத்துக்க முடியாது. அதுமட்டுமில்லை, அந்த மூணு ஒப்புதல் விதியைக் கொண்டு வந்ததே, அவசரத்துல யாரும் தப்பான முடிவு எடுத்திடக் கூடாதுன்னுதான். அன்னைக்கு யாரும் எந்தத் தப்பான முடிவும் எடுக்கலை. விதி முழு வெற்றி."

சொல்லி முடித்த பிறகுதான் அவர் சொன்னது அவர் காதிலேயே விழுந்தது என்று நினைக்கிறேன். தண்ணீர்க் குவளையை எடுத்தார், குடிக்காமல் வைத்தார்.

விளக்கு மஞ்சளுக்கு மாறியது.

"இன்னொண்ணு இருக்கும்மா" என்றார் தேய்ன். குரல் இறங்கிவிட்டது. "உங்க தம்பி ஒண்ணரை வாக்குல வந்தாரு. உள்ளே போகலாமான்னு என்னைத்தான் கேட்டாரு. காத்திருக்கச் சொல்லியிருக்காங்கன்னு சொன்னேன். எனக்கா உங்களுக்கான்னு கேட்டாரு. எனக்குத்தான்னேன். வானம் நல்லாத்தான் இருக்குன்னும் சொன்னேன். சாவி என் கையில இருந்துச்சு."

அவள் எழுதுவதை நிறுத்திவிட்டாள்.

"வேற என்ன சொன்னான்?"

"வண்டி டயரைத் தட்டிப் பார்த்தாரு. முப்பது வருஷம் மண் ரோட்டுல தபால் குடுத்தேன், இப்படி ஒரு வண்டி என் ரோட்டுக்கு ஒரு நாளும் வந்ததில்லை, ஒளிச்சு வச்சிருந்தது நீங்கதானான்னு கேட்டாரு."

ஹெட்டியின் வாய் ஒரு பக்கம் கோணியது. சிரிப்பா அழுகையா என்று எனக்குத் தெரியவில்லை. "அவன்தான்" என்றாள். "எல்லார்கிட்டயும் அந்த ரோட்டைப் பத்திப் புலம்புவான்."

பிறகு நோட்டை மூடினாள்.

"நீங்க பூட்டியிருக்கணும்."

"ஆமாம்மா."

"வேலை போனா போயிருக்கும்."

"ஆமாம்மா."

"சரி" என்று உட்கார்ந்துகொண்டாள். சிவப்பு எரிந்தது.

அன்றைய நடவடிக்கைக் குறிப்பில், 'பொதுமக்களிடமிருந்து ஏழு கருத்துகள் பெறப்பட்டன. கைப்பிடிக்கு ஆதரவு நாலு, எதிர்ப்பு இரண்டு, மற்றவை ஒன்று' என்று இருக்கிறது. பெஞ்சுக்கு ஒரு பக்கம் மட்டும் கைப்பிடி வைத்தார்கள். ஆனால் கூடத்தில் இருந்த ஒருவர் எல்லாவற்றையும் கைபேசியில் பிடித்திருந்தார். உதட்டுக்குப் பொறுப்பேற்க முடியாது என்ற வாக்கியம் நாடு முழுக்கப் போயிற்று. இந்தத் தடவை வந்த கடிதங்களில் ஆச்சரியக்குறி எண்ணவேண்டிய அவசியமே இருக்கவில்லை. கெண்ட்ரா பக்கத்து மாநிலத்தில் ஒரு காட்டுத்தீக்கு அழைப்பு வந்து போய்விட்டாள். போகும்போதும் புரிகிறது புரிகிறது என்று தலையாட்டிக்கொண்டே போனாள்.

விதியையும் திருத்தினார்கள். ரத்து செய்யவில்லை. கமிஷனர் எவரேனும் பல் சிகிச்சையில் இருக்கும் நேரத்தில் அவர் எழுப்பும் ஒலியை ஒப்புதலாகவோ மறுப்பாகவோ மொழிபெயர்க்கும் அதிகாரம் சம்பந்தப்பட்ட பல் மருத்துவருக்கு உண்டு என்று ஓர் உட்பிரிவு சேர்த்தார்கள்.

தேய்னை அனுமதியின்றிப் பதில் சொன்னதற்காகத் தண்டித்தார்கள். அலுவலகக் கட்டடத்துக்குள் நுழையத் தடை. வெளிவேலைக்கு, அதாவது கிரேடருக்கே, திருப்பி அனுப்பப்பட்டார். முழங்கால் சரியாகிவிட்டதாக உத்தரவில் எழுதியிருந்தது.

எதிர்வினைப் பிரிவை என்னிடம் கொடுத்துவிட்டார்கள். நாய்க்கும் இதற்கும் சேர்த்து ஒரே ஜன்னல்.

இந்தக் கோடையில் தேய்ன் டோபின் இடுக்குக் கதவை யாரையும் கேட்காமல் ஏழு தடவை பூட்டியிருக்கிறார். மேட்டுநிலத்துப் பக்கம் கொஞ்சம் கறுத்தாலே போதும். ஏழு தடவையும் அவருக்குக் குற்ற விளக்கம் கேட்டுக் கடிதம் போயிருக்கிறது. ஏழுக்கும் அவர் 'பூட்டினேன்' என்று ஒரே வார்த்தையில் பதில் எழுதியிருக்கிறார். அவரை வேலையிலிருந்து நீக்கும் தீர்மானத்தில் இரண்டு கமிஷனர்கள் கையெழுத்துப் போட்டுவிட்டார்கள். மூன்றாமவர் போடவில்லை. அது க்ரோமர். ஏன் என்று அவர் சொல்லவில்லை, யாரும் கேட்கவும் இல்லை.

ஏழு தடவையில் தண்ணீர் வந்தது ஒரு தடவைதான். ஜூலை பதினெட்டு. கதவுக்கு வெளியே முப்பத்தாறு பேர் நின்று அவரைத் திட்டிக்கொண்டிருந்தபோது வந்தது. அந்த முப்பத்தாறு பேரில் ஒருவரும் எங்களுக்குக் கடிதம் எழுதவில்லை. மற்ற ஆறு நாள்களில் நின்றவர்கள்தான் எழுதுகிறார்கள்.

கட்டடத்துக்குள் வரக் கூடாது என்பதால் தேய்ன் மதியம் சாப்பிட வரும்போது என் ஜன்னலுக்கு வெளியே நின்று பேசிவிட்டுப் போவார். நேற்று வந்தபோது டெக்ஸஸிலிருந்து வந்த ஒரு கடிதத்தைப் படித்துக் காட்டினேன். இரண்டு பக்கம். மூன்று குழந்தைகளோடு எண்ணூறு மைல் காரில் வந்தாராம். மேகமே இல்லாத ஒரு நாளில், வாய் பேசாத ஒரு முரட்டு ஆள் முகத்துக்கு நேரே கதவைச் சாத்திப் பூட்டினானாம். குழந்தைகள் திரும்பிப் போகிற வழியெல்லாம் அழுதார்களாம். அந்த ஆளைப் பிடித்து உள்ளே தள்ள வேண்டுமாம். ஆச்சரியக்குறிகள் பதினொன்று.

தேய்ன் ரொட்டியை மென்றுகொண்டே கேட்டார். "எங்கேயிருந்து எழுதியிருக்காரு, விடுதிலேர்ந்தா?"

உறையைத் திருப்பிப் பார்த்தேன். "இல்லை. வீட்டு முகவரிதான் போட்டிருக்கு."

"புள்ளைங்களும் கூடத்தானே வீடு போய்ச் சேர்ந்திருக்கும்?"

"கடைசியில அதுங்களும் கையெழுத்துப் போட்டிருக்கு. மூணும்."

"அப்ப சரி" என்று கையிலிருந்த ரொட்டித் துகளைத் தட்டிவிட்டு வண்டியைப் பார்க்கப் போனார்.